அல்பொன்சாவின் தனிச் சட்டி

கடையில் சமைக்கிறவன் உன் உடம்புக்காகச் சமைப்பதில்லை. தன் கடைக்காகச் சமைக்கிறான். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. என் மனைவி அல்பொன்சாவைக் கூட்டிக்கொண்டு டவுனில் இருக்கிற சாப்பாட்டுக் கடை முழுவதும் ஏறி இறங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு விட்டன. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தத்தைக் கழுவ வேண்டும். எங்கள் வீடு நுரைச்சோலைக்கு அந்தப் பக்கம், கடற்கரையில். விடிவதற்கு முன்னே பஸ் ஏறினால்தான் நேரத்துக்குப் போகலாம். பாலாவியில் லொறிகளுக்கு நடுவே பஸ் நின்று நின்று ஊர்ந்து போகும். மெஷினில் இருந்து இறக்கும்போது மத்தியானம் தாண்டிவிடும். அப்போது அவளுக்குப் பசி என்றால் அப்படி ஒரு பசி. முதலில் நானே எழும்பிச் சோறு காய்ச்சிக் கட்டிக்கொண்டு போனேன். இந்த வெயிலுக்கு அது புளித்து நூல் விட்டது. அவள் சத்தி எடுத்தாள். எங்கள் ஒரே மகள் மெரினா இத்தாலியில் வேறு யாரோ கிழவிக்குச் சமைத்துப் போடுகிறாள். ஆகக் கடையை விட்டால் வேறு வழி இல்லை.

டொக்டர் சொன்னது சின்ன விஷயம்தான். உப்பு வேண்டாம். உப்புத் தின்றால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பாள், குடித்தது வெளியே போக வழி இல்லை. முதலில் கால் வீங்கும். பிறகு நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறும். நெஞ்சில் ஏறினால் அவ்வளவுதான்.

இந்தச் சின்ன விஷயத்தை ஒரு கடைக்காரனிடம் சொல்லிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் பரிமாறுகிறவன், "உப்பில்லாமல் ஒரு சோறு" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அல்பொன்சாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவம் பார்த்துத் தட்டின் மேலே ஒரு துண்டுக் கருவாட்டுப் பொரியலை இலவசமாக வைத்துக் கொடுத்தான். கருவாடு என்னத்தில் செய்வது என்று நான் கேட்டேன். "அது மீன்தானே ஐயா" என்றான். இன்னொரு கடையில் கறிக்கு உப்புப் போடவில்லை, சரி. சோற்றை உப்புப் போட்டுத்தான் அவித்திருந்தார்கள். "சோத்துக்குப் போடாம எப்படி ஐயா, நாய் கூடத் திங்காது" என்றான் அந்த முதலாளி. என் பெண்சாதிக்கு முன்னால் சொன்னான்.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தக் கடை என்றாலும் அவளுடைய தட்டில் முதல் வாய் என்னுடையது. ருசி பார்த்து, உப்பு இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவோம்.

ஜௌபரின் கடைக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற சின்னக் கடை. ஜௌபர்தான் கோக்கி, சமையல் முழுக்க அவன் கை. அவனுடைய மருமகன் ஃபஸ்லான் காசு மேசையில் இருப்பான். நான் வழக்கம்போலச் சண்டைக்குத் தயாராகத்தான் உப்புக் கதையை எடுத்தேன். ஜௌபர் அடுப்படியை விட்டுவிட்டு வெளியே வந்தான். சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு அல்பொன்சாவின் முகத்தைப் பார்த்தான்.

"அக்காக்கு மெஷினா?"

"ஓம்" என்றாள் அவள்.

"என்ட வாப்பாவும் இந்த நோவுலதான் மவுத்தானாரு. இருங்க, நான் வேறயாச் சமைச்சுத் தாறன்."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க. நான் அடுப்படிக்கு வந்து பாப்பன்" என்றேன்.

"வாங்களேன் அண்ணன், வந்து உக்காந்துக்கங்க. வெங்காயமும் உரிச்சுத் தாங்க."

போனேன். நின்று பார்த்தேன். அவன் ஒரு சின்ன மண்சட்டியை எடுத்துத் தனியாக அவளுக்கென்று மீன் ஆணம், நாங்கள் குழம்பு என்கிறதை, வைத்தான். சோற்றையும் தனியாக உப்பில்லாமல் அவித்தான். இறக்குவதற்கு முன் அகப்பையில் இருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்தான். "வெறும் வெள்ளத் தண்ணி. சரி" என்றான். தட்டு வந்ததும் நானும் ருசி பார்த்தேன். உப்பு இல்லை. ஒரு பொட்டும் இல்லை.

அடுத்த தடவையும் அப்படி. அதற்கடுத்த தடவையும் அப்படி. நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன், இன்றைக்கு ஏமாற்றுவான், நாளைக்கு ஏமாற்றுவான் என்று. ஏமாற்றவில்லை. அல்பொன்சாவின் கால் வீக்கம் வற்றியது. செருப்பு காலில் கொள்ளத் தொடங்கியது.

ஆனால் அவள் சாப்பிடுவதைப் பார்க்க முடியாது. மீனைக் கிள்ளிக் கிள்ளி, கண்ணை மூடி விழுங்குவாள்.

"எப்பிடி?" என்பேன்.

"சுவரைச் சுரண்டித் திண்ட மாதிரி."

"உயிர் இருக்குதானே."

"ஓம், அது இருக்கு. வேற என்ன இருக்கு?"

உப்பும் புளியும் உறைப்புமாய்ச் சமைத்த கை அது. கல்யாண வீடுகளில் அவள் வைத்த மீன் கறிக்கு ஆட்கள் நின்று வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். இப்போது சாப்பாட்டு நேரம் வந்தால் ஊசி போடப் போகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ருசியா உயிரா என்றால் உயிர் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் எங்களுடைய தவக்காலமும் ஜௌபர் ஆட்களுடைய நோன்பும் ஒன்றாக வந்தன. நான் தவக்காலம் முழுவதும் மீன் இறைச்சி தொடுவதில்லை. இளமையில் கடலில் ஒரு தடவை உயிர் தப்பியபோது அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தி, இன்றுவரை தவறவில்லை. அல்பொன்சாவுக்கு அது வேண்டாம், நோயாளிக்கு ஒறுத்தல் இல்லை என்று கோயில் சுவாமி சொல்லிவிட்டார்.

ஜௌபரின் கடைக்கு முன்னால் துணித் திரை போட்டிருந்தது. நோயாளிகளுக்கும் நோன்பில்லாதவர்களுக்கும் மட்டும் திரைக்குப் பின்னால் சாப்பாடு. அவன் உதடு காய்ந்து போயிருந்தது.

"அண்ணன், ஒரு விசயம். பகல்ல என்னால ருசி பாக்க ஏலா. நுனி நாக்குல வெச்சுத் துப்பலாம் எண்டு மௌலவி சொல்லுறாரு. எனக்கு மனசு வராது. நீங்க பயப்படாதீங்க, உப்பு டின் பக்கமே போக மாட்டன்."

"அந்தோனியார் மேல ஆணையா?"

"அவரை எனக்குத் தெரியாது அண்ணன். அல்லா மேல ஆணை."

அல்பொன்சா சிரித்தாள்.

தட்டு வந்தது. நான் சோற்றில் ஒரு வாய் எடுத்தேன். உப்பு இல்லை. மீன் ஆணத்தில் விரல் வைக்க முடியாது, நேர்த்தி. சோறு சரியென்றால் ஆணமும் சரிதான் என்று தட்டை அவளிடம் தள்ளினேன். இத்தனை கடையில் ஏமாந்தவன், அன்றைக்கு நம்பினேன்.

அவள் முதல் வாயை வைத்தாள். மெல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினாள். தலை நிமிரவே இல்லை. தட்டை வழித்தாள்.

"என்ன, இண்டைக்குப் பசியா?"

"ஓம். பசி."

பழகிவிட்டாள் என்று நினைத்தேன். மனிசருக்கு எதுவும் பழகும்தானே.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி நாள் என்றால் அவள் எனக்கு முன்னே எழும்பினாள். நல்ல சேலை உடுத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். மெஷினில் படுத்திருக்கும்போதே, "ஜௌபர் நானா இண்டைக்கு என்ன மீன் எடுத்திருப்பாரு?" என்று கேட்பாள். கடையில் ஃபஸ்லானோடு பகிடி விடுவாள். "உன்ட மாமா நோன்பு பிடிச்சாத்தான் கை வளமா இருக்கு, மகன். வருசம் முழுக்கப் பிடிக்கச் சொல்லு" என்றாள். ஃபஸ்லான் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். நோய் வந்த நாளிலிருந்து அவள் அப்படி இருந்ததில்லை. வீட்டில் நான் அவித்துக் கொடுக்கிறதை மட்டும் பழையபடி கிள்ளினாள். நான் சமைக்கத் தெரியாதவன், அதனால்தான் என்று விட்டுவிட்டேன்.

பிறகு கால் வீங்கத் தொடங்கியது.

மெஷினில் ஏற்றுவதற்கு முன் நிறை பார்ப்பார்கள். நர்ஸ் பளீலா மிஸ் தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா, அம்மா தண்ணி கூடக் குடிக்கிறாங்க."

"இல்லயே மிஸ். நான் அளந்துதான் குடுக்கிறன்."

"மறுகா எப்பிடி இவ்வளவு ஏறும்?"

களவாய்க் குடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். வீட்டில் தண்ணீர்க் குடத்தை என் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். குழாய்த் திருகை இறுக்கிப் பூட்டு மாட்டி வைத்தேன். அவள் முகம் கழுவப் போனால் பின்னால் போய் நின்றேன். தாகத்தில் அவள் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள், பூவுக்கு ஊற்றிய வாளியில் இருந்து கையால் அள்ளிக் குடிக்கிறதைக் கண்டேன்.

"கள்ளி" என்றேன். "எழுபது வயசில தண்ணிக் களவு."

"தாகமா இருக்கு, பீற்றர்." அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மிகக் குறைவு.

"ஏன் தாகம்? உப்பும் இல்ல உறைப்பும் இல்ல, ஏன் தாகம்?"

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த ஆஸ்பத்திரி நாள், பஸ்ஸிலேயே அவளுக்கு மூச்சு ஏறவில்லை. பாலாவியில் வாகனங்கள் இறுகி நின்றன. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். கொண்டக்டர் ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்துத் தந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனதும் கட்டிலில் போட்டு, மூக்கில் மாஸ்க் வைத்து, உடனே மெஷினில் போட்டார்கள். நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. இதயமும் வீங்கியிருக்கிறது, இனி முன்னைய மாதிரி வராது என்று டொக்டர் சொன்னார். பளீலா மிஸ் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார்.

"ஐயா, இது வெறும் தண்ணி இல்ல. உப்பு. அம்மா எங்க சாப்பிடுறாங்க?"

நான் நேரே ஒழுங்கைக்கு நடந்தேன். திரையை இழுத்த இழுவையில் அது ஒரு பக்கம் கழன்று விழுந்தது. ஜௌபர் அடுப்பில் நின்றான். அல்பொன்சாவின் சின்னச் சட்டி ஓரத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. எங்களுடைய நாள் என்று முன்கூட்டியே வைத்திருக்கிறான்.

"நீ மனிசனா ஜௌபர்?"

"என்னண்ணன்? அக்கா எங்க?"

"அக்காக்கு மூச்சு இல்ல. உன்ட சாப்பாடு நெஞ்சில ஏறிட்டு. உப்புப் போட்டிருக்கிற."

அவனுடைய முகம் வெளுத்தது. "வல்லாஹி, நோன்போட சொல்லுறன், உப்பு டின்னத் தொடவே இல்ல."

"அப்ப நக்கிப் பாரு."

"நோன்பண்ணன்."

"துப்பலாம் எண்டு மௌலவி சொன்னாரெண்டு நீதானே சொன்ன?"

"எனக்கு மனசு வராதெண்டும் நான்தானே சொன்னன். நீங்க பாருங்களேன். உங்கட கையாலயே எடுத்துப் பாருங்க."

"அது மீன். எனக்கு நேர்த்தி."

இரண்டு பேரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொறக்காப் புளியும் தேங்காய்ப் பாலும் மணத்துக்கொண்டிருந்தன. காசு மேசையில் இருந்து ஃபஸ்லான் மெல்ல எட்டிப் பார்த்தான்.

"மாமா, முன்னுக்கு ஒரு லொறிக்காரர் சாப்பிடுறாரு. அவர்ட்டக் குடுத்துப் பாப்பமா?"

"என்ட பொஞ்சாதிக்கு வந்ததுக்கு லொறிக்காரன் என்னத்துக்குச் சாட்சி?" என்று சொல்லிவிட்டு அகப்பையை எடுத்தேன். உள்ளங்கையில் ஊற்றினேன். சுட்டது. நக்கினேன்.

உப்பு. உப்பு அளவாக, புளி அளவாக, உறைப்பு அளவாக. வாயெல்லாம் நீர் ஊறியது. எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. இன்னொரு தடவை ஊற்றி நக்க வேண்டும் போல இருந்தது. அதற்குப் பிறகுதான் அகப்பையை எறிந்தேன்.

"உப்பு இருக்கு" என்றேன்.

"இல்லண்ணன்."

"இருக்குடா."

அவன் சட்டியைப் பார்த்தான். பக்கத்தில் மசாலாத் தூள் வைத்திருக்கிற வாளியைப் பார்த்தான். பார்த்தபடியே சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டான்.

"யா அல்லாஹ். மசாலா."

"என்ன மசாலா?"

"நோன்பு மாசத்தில பகல்ல ருசி பாக்க ஏலாதுதானேண்ணன். அதனால தல நோன்புக்கு முந்தியே மசாலாத் தூளோட உப்பையும் அளந்து கலந்து வெச்சிருவம். மறுகா ருசி பாக்காம போட்டாலும் சரியா வரும். வாப்பா காலத்தில இருந்து அப்பிடித்தான். உப்பு டின்னத் தொடாத எண்டு கைக்குச் சொல்லி வெச்சன். மசாலாக்குள்ள இருக்கிறது நெனவுக்கே வரல்ல."

அவனை அடிக்கத்தான் போயிருந்தேன். கை எழும்பவில்லை. அவன் பொய்யன் இல்லை, களவு செய்கிறவன் இல்லை, கவனமில்லாதவனும் இல்லை. அப்படி ஒருவனாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அப்படிப்பட்டவனிடம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். இவனை நம்பினேன், இவனும் சொன்னதைச் செய்தான், அப்படியும் என் மனிசி மூச்சில்லாமல் கிடக்கிறாள்.

ஜௌபர் நிலத்தில் இருந்தபடியே கேட்டான்.

"அண்ணன், நான் ருசி பாக்கல்ல. நீங்களும் பாக்கல்ல. அக்கா பாத்தாங்கதானே. ஒரு வார்த்த சொல்லல்லியே?"

நான் திரும்பி நடந்தேன். பின்னால் அவன் சட்டியை எடுத்துச் சாக்கடைக் கானில் கவிழ்க்கிற சத்தம் கேட்டது.

வார்டில் அல்பொன்சா சாய்த்து வைத்த தலையணையில் இருந்தாள். மாஸ்க் போட்டிருந்தது. கண் திறந்திருந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"கடைக்குப் போயிட்டு வாறன்" என்றேன். "ஆணத்தில உப்பு இருந்திச்சு. உனக்குத் தெரியுமா?"

அவள் தலையை ஆட்டினாள். தெரியும்.

"முதல் நாளே தெரியுமா?"

மறுபடியும் தலை ஆட்டினாள்.

"ஏன் சொல்லல்ல?"

மாஸ்க்கைக் கையால் கீழே இழுத்தாள். மூச்சு விட்டு விட்டுத்தான் கதை வந்தது.

"சொன்னா… நீங்க தட்டைத் தள்ளிட்டு… எழும்பிருவீங்க."

"நான் உன்னத் தண்ணிக் கள்ளி எண்டு ஏசினனே. குடத்தை ஒளிச்சு வெச்சனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"ஏச்சு… பரவாயில்ல." மூச்சை இழுத்தாள். "ஜௌபர் நானாவ ஏசினீங்களா?"

"ஏசினன்."

"பாவம். அந்த மனிசன்… வேணுமெண்டு செய்யல்ல."

"அது எனக்குத் தெரியும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நக்கிப் பாத்தீங்களா? நேர்த்தியோட?"

"பாத்தன்."

"எப்பிடி இருந்திச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். கூடாமல் இருந்தது, கைத்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"நல்லா இருந்திச்சு" என்றேன்.

"இண்டைக்கு என்ன மீன்?"

"பாரை."

"கொறக்கா போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தான்."

அவள் தலையணையில் சாய்ந்துகொண்டாள். பளீலா மிஸ் வந்து, கதைக்க வேண்டாம் அம்மா என்று மாஸ்க்கைத் தூக்கிச் சரியாக வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு ஒருவன் வண்டி தள்ளிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை வைத்தான். வெள்ளைச் சோறு, அவித்த பூசணிக்காய், ஒரு துண்டு மீன். உப்பில்லை என்று கையால் காட்டினான்.

கொஞ்சம் பொறுத்து நான் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தேன். மாஸ்க்கை விலக்கி உதட்டுக்குக் கிட்டக் கொண்டு போனேன். அவள் வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. என்னைப் பார்த்தபடியே உதட்டை மூடிக்கொண்டிருந்தாள். "அல்பொன்சா, ஒரு வாய்" என்றேன். கை வலிக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, அவளுடைய மாஸ்க்கை மேலே இழுத்து விட்டேன்.